மருத்துவ ஆராய்ச்சியில் மக்களைச் சேர்ப்பது எப்படி? சென்னையில் புதிதாகக் களமிறங்குபவர்களுக்கு

தூய்மைப் பணி செய்யும் அக்காக்கள் பத்துப் பேரோடு ஒரு சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பிரஷர் மாத்திரையைப் பலர் ஏன் ஒழுங்காகப் போடுவதில்லை என்று ஆய்வு செய்யப் போகிறோம். கேள்வித்தாள் தயார். ‘மறந்துவிடுகிறது’, ‘விலை அதிகம்’, ‘பக்கவிளைவு பயம்’, ‘குணமாகிவிட்டது என்ற எண்ணம்’ என்று வரிசையாகக் கட்டங்கள். ஓர் அக்கா தாளைக் கையில் வாங்கக்கூட இல்லை. “நீர் மாத்திரை போட்டா அரை மணிக்கு ஒரு தடவை போகணும் தம்பி. ஆறு மணிக்கு நான் ரோட்டுல நிக்கிறேன். எங்க போறது?” என்றார். மற்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எங்கள் தாளில் மட்டும் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தத் தாளைப் பேராசிரியர்கள் இருவர் பார்த்திருந்தார்கள். ஆய்வு முறையாக நடக்குமா, பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தந்திருந்தது. அப்படியே நானூறு பேரிடம் கொண்டு போயிருந்தால் பெரும்பாலோர் ‘மறந்துவிடுகிறது’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள். மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று அறிக்கை எழுதி, ஒரு துண்டுப் பிரசுரமும் அடித்திருப்போம். அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரு கழிப்பறை. மாத்திரையை ஷிப்ட் முடிந்து வந்து போட்டுக்கொள்ளலாமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டிய பதில். ஆனால் அந்தக் கேள்வி மருத்துவரிடம் போய்ச் சேரவே இல்லை.

பொது சுகாதாரம், சமூகப் பணி, செவிலியம் படித்துவிட்டு முதல் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘சமூகத்தை ஈடுபடுத்து’ என்று திட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கும். அதை எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

எது சேர்ப்பது, எது இல்லை

ரத்தம் கொடுப்பவரும் கேள்விக்குப் பதில் சொல்பவரும் ஆய்வில் பங்கேற்பவர்கள். ஆய்வு முடிந்ததும் கூட்டம் போட்டு விளக்குவது தகவல் சொல்வது. இரண்டும் தேவைதான். மக்களைச் சேர்ப்பது என்று நான் சொல்வது வேறு. எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது, கிடைத்த பதிலுக்கு என்ன பொருள் என்ற முடிவுகளை எடுக்கும் இடத்தில், அந்த நோயோடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் அந்தத் தெருக்காரர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969இல் இதற்கு எட்டுப் படி ஏணி ஒன்றை வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களைப் பெயருக்கு உட்கார வைத்துத் தலையாட்ட வைப்பது, நடுவில் கருத்துக் கேட்பது, உச்சிப் படியில் மக்களே முடிவெடுப்பது. முதல் ஆய்விலேயே உச்சிக்குப் போக முடியாது. ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை நாம் மறைக்கக் கூடாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. அவர்கள் சொன்னதால் ஆய்வில் என்ன மாறியது? மாறுவதற்கு இடமே இல்லாத கட்டத்தில் ஆலோசனைக் கூட்டம் வைக்காதீர்கள்.

படி 1: கேள்வி முடிவாவதற்கு முன்பே போங்கள்

இதுதான் கஷ்டமான படி. நிதி கேட்டு எழுதும்போதே கேள்வி முடிவாகிவிடுகிறது. நிதி வந்த பிறகுதான் களத்துக்குப் போகப் பணம் கிடைக்கிறது. இதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரியும். திட்டம் எழுதுவதற்கு முன்னால் மூன்று சாயங்காலங்களை ஒதுக்குங்கள். டீ, பிஸ்கட், பஸ் செலவு தவிரப் பெரிதாக எதுவும் ஆகாது. கேள்வித்தாள் கொண்டு போகாதீர்கள். ஒலிப்பதிவும் வேண்டாம். அவர்கள் பேச்சைப் பதிவு செய்து கட்டுரையில் மேற்கோள் காட்டப் போகிறீர்கள் என்றால் அது தரவு. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். சந்தேகம் இருந்தால் குழுச் செயலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

அங்கே போய் “உங்கள் பிரச்சினை என்ன?” என்று கேட்டால் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குப் புளியங்கொட்டை நல்ல மருந்து. அவர்கள் சொல்லும் தொல்லைகளை ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படமாக வரைந்து தரையில் பரப்புங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. நான்கைந்து வெற்று அட்டைகளும் இருக்கட்டும். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது ரொம்பத் தொல்லையோ அதன்மேல் வைக்கலாம். ஐந்தையும் ஒன்றிலேயே வைத்தாலும் சரி.

எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இதய நோயாளிகள் மருத்துவமனைக்கு மறுவருகை வராதது ஏன் என்று பேசப் போயிருந்தோம். மருந்து, செலவு, டாக்டர் பேசும் விதம் என்று அட்டைகள் சேர்ந்தன. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வெற்று அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, பென்சிலால் ஒரு பெட்டி போட்டார். கதவு மாதிரி நடுவில் ஒரு கோடு. தன் ஐந்து கொட்டையையும் அதன்மேல் கொட்டினார். லிஃப்ட். ஓடாத லிஃப்ட். அவர் ஆறாவது மாடி. இறங்கிவிடலாம், ஏற முடியாது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கொட்டைகளை மற்ற அட்டைகளிலிருந்து எடுத்து அங்கே மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் எந்த மாடியில் வசிக்கிறார் என்ற கேள்வி எங்கள் தாளுக்குள் வந்தது.

எண்ணி முடித்ததும் “ஏன் இதில் இவ்வளவு?” என்று கேளுங்கள். எண்ணிக்கையை விட அந்தப் பேச்சுதான் உங்களுக்கு உதவும். பிறகு நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இதில் எதை எங்கள் ஆய்வால் தொட முடியும், எதைத் தொட முடியாது என்று. லிஃப்டை நாங்கள் சரி செய்ய முடியாது என்று அன்றே சொன்னோம். சொல்லாமல் வந்திருந்தால் அடுத்த கூட்டத்துக்கு யார் முகத்தையும் பார்த்திருக்க முடியாது.

படி 2: எந்த வாசல் வழியாகப் போவது

சென்னையில் எந்தப் பகுதிக்கும் பல வாசல்கள் உண்டு. நுழையும் வாசலைப் பொறுத்துத்தான் உங்களைப் பற்றி மக்கள் நினைப்பதும் அமையும். கவுன்சிலர் வழியாகப் போனால் இடம் கிடைக்கும், நாற்காலி கிடைக்கும், கூடவே கட்சிச் சாயமும் ஒட்டிக்கொள்ளும். மாநகராட்சி சுகாதார நிலையத்தின் செவிலியர் வழியாகப் போனால் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆனால் அவரிடம் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் நாளைக்கும் போக வேண்டியவர்கள் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாகச் சென்று பிரஷர், சர்க்கரை பார்க்கும் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அத்துப்படி. அவர்களைக் கேளுங்கள், ஆனால் அவர்கள் முதுகில் உங்கள் வேலையை ஏற்றாதீர்கள். ஏற்கெனவே நிறையச் சுமக்கிறார்கள்.

அங்கன்வாடி அக்கா, மகளிர் குழுத் தலைவி, ஆட்டோ ஸ்டாண்டு, மீனவர் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து, பள்ளிவாசல், சர்ச், அம்மன் கோயில் விழாக்குழு. குறைந்தது மூன்று வாசல்களையாவது தட்டுங்கள். குப்பத்துப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பார்கள். அவர்களிடம் அனுமதி கேட்பது மரியாதை. அதோடு நிற்காமல் மீன் விற்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள்.

‘சமூகம்’ என்று ஒருமையில் எழுதுவது எளிது. ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ போய்ப் பாருங்கள். கூவம் கரையிலிருந்து வந்தவர்களும் அடையாற்றங்கரையிலிருந்து வந்தவர்களும் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். பழைய தெருப் பெயரைச் சொல்லித்தான் இன்னமும் ஒருவரை ஒருவர் அடையாளம் காட்டுகிறார்கள். ஒரு பிளாக்கின் தலைவர் என்று உங்களுக்கு அறிமுகம் ஆகிறவரை மாடியில் இருப்பவர் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கலாம்.

நீர்நிலை ஓரக் குடியிருப்புகளில் ஒரு விஷயத்தில் கவனம். அங்கே ‘கணக்கெடுப்பு’ என்றால் வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய வேலை என்று பொருள். யாரோ வந்து பெயரும் ஆதார் எண்ணும் எழுதிப் போவார்கள், வீட்டைப் படம் எடுப்பார்கள், கதவில் சாக்பீஸால் எண் போடுவார்கள். பிறகு ஒருநாள் லாரி வரும். அதனால் வீட்டுக்கதவில் எதுவும் எழுதாதீர்கள். வீட்டைப் படம் எடுக்காதீர்கள். ஆதார் கேட்காதீர்கள். குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறினாலும் பயம் மாறவில்லை. நாங்கள் வாரியத்து ஆட்கள் இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எண்ணூர் போன்ற இடத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தது. அப்படி ஒன்று நடந்த ஊரில், உங்களுக்கு முன்பே பலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து போயிருப்பார்கள். “போன தடவை வந்தவங்க என்ன கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். முன்பு நடந்த ஆய்வு ஏதாவது வெளியாகியிருந்தால் அதை இரண்டு பத்தித் தமிழில் சுருக்கிக் கொடுப்பதே நல்ல அறிமுகம்.

நேரமும் ஒரு வாசல்தான். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மூச்சுவிட நேரம் கிடைக்கலாம். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மட்டும். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் கையில் காசு இல்லாத நாட்களும் அவைதான். அந்த நேரத்தில் பணம் கொடுத்து ஆய்வுக்கு ஆள் சேர்த்தால், பணத்துக்காகத்தான் சம்மதித்தார்களோ என்ற கேள்வி எழும். பேசப் போங்கள், ஆள் சேர்ப்பதைத் தள்ளி வையுங்கள்.

படி 3: சொற்களை அவர்களிடம் கொடுத்துச் சரிபார்ப்பது

புதியவர்கள் மிகக் குறைவாக நேரம் செலவிடுவது இதில்தான். நான் மிக அதிகமாக வற்புறுத்துவதும் இதைத்தான்.

ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் பெயர்த்து, அந்தத் தமிழை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் யாருமே பேசாத தமிழ்கூட இந்தத் தேர்வில் ஜம்மென்று பாஸாகிவிடும். ‘சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்’ (உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வோம்) என்ற வாக்கியம் ஆங்கிலத்துக்குப் பிழையில்லாமல் திரும்பிப் போகும். வியாசர்பாடியில் அதை வாசித்துக் காட்டினால், ‘ஒதுக்கீடு’ என்ற சொல்லைக் கேட்டதும் வீடு தரப் போகிறீர்களா என்று கேட்பார்கள்.

‘பரிசோதனை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையும் பரிசோதனைதான், புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் பரிசோதனைதான். முதலாவது என் நன்மைக்காக. இரண்டாவது பிறகு வரப் போகிறவர்களுக்காக. எனக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒரே சொல்லில் இரண்டும் இருக்கும்போது கேட்பவர் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வார். அந்தப் பகுதி மக்களைக் கொண்ட எங்கள் ஆலோசனைக் குழு (படி 4இல் வருகிறது) சொன்ன யோசனை: ‘டெஸ்ட்’ என்பதை ரத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு ‘இந்த மருந்து வேலை செய்யுமா என்று இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் கொடுத்துப் பார்க்கிறோம்’ என்று முழு வாக்கியமாகவே சொல்லுங்கள். நீளம்தான். ஆனால் புரிகிறது.

‘ரகசியம் காக்கப்படும்’ என்று எழுதினால் “அதுல என்னா ரகசியம்?” என்ற சந்தேகம் வரும். ‘உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம், உங்கள் வீட்டுக்காரரிடம்கூட’ என்பது நேராகப் போய்ச் சேரும். அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொன்னதும் ஓர் அக்காதான்.

யாருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்யும் முறைக்குக் ‘குலுக்கல்’ என்ற சொல் பளிச்சென்று புரியும். ஏலச்சீட்டும் குலுக்கல் சீட்டும் தெரியாத தெரு உண்டா? இந்த ஊருக்கும் அது புதிதில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியபோது, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனப்பட்ட காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டார்கள். யார் எங்கே என்பதைக் குலுக்கல் போன்ற முறைதான் முடிவு செய்தது. நெருக்கடியான வீடும் அரைகுறைச் சாப்பாடுமாக இருந்தாலும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் தந்தது என்று 1959இல் அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் தேவையற்றுப் போனதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு ஸ்டேஷன் பெயராக அந்தச் சொல் மிச்சமிருக்கிறது. இந்தக் கதையைக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், குடும்பத்தில் டி.பி. வந்தவர்கள் யாராவது இருப்பார்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் குலுக்கலில் ஒரு சிக்கல் உண்டு. சீட்டு விழுந்தவருக்கு அதிர்ஷ்டம், விழாதவருக்கு ஏமாற்றம். “நல்ல மருந்து யாருக்கு விழுந்துச்சு?” என்று ஒருவர் கேட்டார். எது நல்ல மருந்து என்று தெரிந்திருந்தால் குலுக்கவே மாட்டோம், தெரியாததால்தான் குலுக்குகிறோம் என்பதைத் தனியாக, நிதானமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு “நீங்க புரிஞ்சுக்கிட்டதை எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்வார்கள்.

எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்பதை இவ்வளவு பாடுபட்டுச் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில் தெரிய வந்தன. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். நாட்டையே விழிக்க வைத்த வேலை அது. எதைத் தேடி ரத்தம் எடுக்கிறோம் என்பதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் நிர்மலாவே ஒளிக்காமல் சொன்னார். அன்றைய வழக்கம் அப்படி. இருபது ஆண்டு கழித்து, 2006இல், சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்றின் முதல்கட்ட ஆய்வு நடந்தபோது சமூக ஆலோசனைக் குழு வைத்துப் பேசித்தான் செய்தார்கள். நடுவில் அந்த வழக்கம் தானாக மாறிவிடவில்லை. தொற்றோடு வாழ்ந்தவர்கள் கேட்டுக் கேட்டு மாற்ற வைத்தார்கள்.

படி 4: ஆலோசனைக் குழு

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். பாதிக்கு மேல் பெண்கள். நோய் உள்ளவர்கள், கவனித்துக்கொள்ளும் வீட்டார், அந்தப் பகுதியில் எதிர்க்கேள்வி கேட்பவர் என்று பெயர் வாங்கிய ஒருவர். அந்தக் கடைசி ஆளைத் தவிர்க்கத் தோன்றும். தவிர்க்காதீர்கள்.

எல்லோரும் ஒரே உயரத்தில் உட்காருங்கள், ஜமுக்காளமோ நாற்காலியோ எதுவானாலும். டாக்டருக்கு மட்டும் நாற்காலி போட்டால் அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான். இங்கே ‘சார்’, ‘மேடம்’ போனால்தான் வாய் திறக்கும். அக்கா, அண்ணா, அம்மா என்று நீங்கள் முதலில் தொடங்குங்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத் தாள் ஒன்றைப் படித்துக் காட்டுங்கள். குழு எதை முடிவு செய்யலாம்: கேள்விகளின் சொற்கள், எங்கே எப்போது சந்திப்பது, முடிவை எப்படி அறிவிப்பது. எதில் யோசனை மட்டும் சொல்லலாம்: எத்தனை பேரைச் சேர்ப்பது, எந்தப் பரிசோதனைகள். எதைத் தொட முடியாது: மருந்தின் அளவு, பாதுகாப்பு விதிகள். இதைத் தெளிவாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டுப் பிறகு ‘அது முடியாது’ என்றால்தான் கோபம் வரும், நியாயமாகவே. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் போன தடவை நீங்கள் சொன்னதில் இதைச் செய்தோம், இதைச் செய்யவில்லை, காரணம் இது என்று சொல்லுங்கள்.

படி 5: காகித வேலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களை முழுதாகப் படித்துவிடுங்கள். சமூகத்தைக் கலந்து பேசுவது பற்றி அதிலேயே இருக்கிறது. மேலதிகாரி தயங்கினால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப் பேர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து, அவர்களில் மருத்துவமோ அறிவியலோ சாராத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் தகவல் தாளை அந்தச் சாமானிய உறுப்பினர் எப்படிப் படிக்கிறார் என்று கவனியுங்கள். மருந்து ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். மாநகராட்சி சுகாதார நிலையங்களில் நடத்துவதானால் மாநகராட்சியின் அனுமதி தனி. அதற்கு நேரம் பிடிக்கும், முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 6: பணம்

இதில் நாங்கள் அடிபட்டிருக்கிறோம். முதல் ஆய்வில் ஆலோசனைக் குழுவுக்கு ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தோம். நான் வேலை பார்த்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஒவ்வொருவருக்கும் பான் எண், வங்கிப் புத்தகத்தின் நகல், ரசீது கேட்டது. பயணப்படி கேட்டபோது “லேடீஸுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே” என்றார்கள். 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூர் வந்து போகும் நேரத்துக்கு ஒரு வீட்டு வேலை போகிறது. நான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

அதனால் திட்டம் எழுதும்போதே இதற்கென்று தனித் தலைப்பில் தொகை கேளுங்கள். கூட்டம் முடிந்த அன்றே கையில் ரொக்கமாகக் கொடுக்கவும் பட்டியலில் கையெழுத்து வாங்கவும் முன்அனுமதி வாங்கி வையுங்கள். ஜிபே பண்ணலாமே என்பார்கள். அந்த நம்பர் மகனுடையதாக இருக்கும், பணம் அங்கேயே நின்றுவிடும். அரை நாள் கூட்டத்துக்கு அரை நாள் கூலியாவது கொடுப்பதே முறை. டாக்டருக்குக் கூட்டப்படி கொடுக்கிறோம் அல்லவா, இவர்களும் அதே கூட்டத்துக்குத்தான் வருகிறார்கள். ஆய்வில் பங்கேற்பவர்களுக்குக் கொடுக்கும் தொகை வேறு கணக்கு: அது ஆசை காட்டுவதாக ஆகிவிடக் கூடாது என்பதால் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

படி 7: உள்ளூர் ஆட்களைக் களப்பணிக்கு எடுப்பது

அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்துக் கேள்வி கேட்க அனுப்பினால் கதவு திறக்கும், பேச்சும் இயல்பாக இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் வந்து கேட்டால் டி.பி. இருப்பதையோ மனநல மாத்திரை சாப்பிடுவதையோ யார் சொல்வார்கள்? சொன்னாலும் பிறகு மாடிப்படியில் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த பிளாக்கில் வேலை கொடுக்காதீர்கள். இரண்டு தெரு தள்ளிக் கொடுங்கள். சம்பளமும் வேலை அனுபவச் சான்றிதழும் அவசியம். அந்தச் சான்றிதழை வைத்து அடுத்த வேலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 8: முடிவை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவது

கட்டுரை வெளியாகும்வரை காத்திருந்தால் இரண்டு வருடம் ஓடிவிடும். எண்கள் கைக்கு வந்ததும், அவற்றுக்குப் பொருள் சொல்லும் முன், ஆலோசனைக் குழுவிடம் போங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு படம் காட்டுங்கள். ‘இது ஏன் இப்படி வந்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கள் பிரஷர் ஆய்வில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை ஒழுங்காகப் போட்டவர்கள் இருந்தார்கள். வாரக்கடைசியில் வீட்டில் நினைவூட்ட ஆள் இருக்கிறது என்று நாங்கள் யோசித்து வைத்திருந்தோம். “ஞாயித்துக்கெழம லீவு. வீட்டுல கக்கூஸ் இருக்கு” என்றார்கள்.

பகுதியின் பெயரை வெளியிடலாமா என்பதையும் அவர்களிடம் கேட்க வேண்டும். ‘இந்த ஏரியாவில் டி.பி. அதிகம்’ என்று செய்தித்தாளில் வந்தால், அந்த முகவரியைச் சொல்லி வேலை தேடும் பிள்ளைக்கும் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அது நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்திரிகைக்குப் போகும் முன் தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்பார்த்த பலன் இல்லை என்றாலும் சொல்லுங்கள். ‘மருந்து வேலை செய்யவில்லை, அதைக் கண்டுபிடித்ததே உங்களால்தான்’ என்று சொன்னால் மக்கள் புரிந்துகொள்கிறார்கள். எதுவும் சொல்லாமல் காணாமல் போவதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

முடிவைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம். எழுதி முடித்ததும் குழுவில் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்குகிற இடத்தையெல்லாம் மாற்றி எழுதுங்கள்.

தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு அப்படி ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு போனோம். வேலை நேரத்தில் கழிப்பறை இல்லாததால் மாத்திரை தவறுகிறது, நேரத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், இவ்வளவுதான் சாரம். முதல் நாள் எங்கே போறது என்று கேட்ட அதே அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஆஸ்பத்திரி சீல் இல்லையே? சூப்பர்வைசர் கிட்ட காட்டணும்” என்றார். மறுநாள் தலைப்புத்தாளில் அச்சடித்து, தலைமை ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கி, சீல் போட்டு எடுத்துப் போனோம். இருபது பிரதி கேட்டிருந்தார்கள். நாற்பது கொடுத்தோம்.